பதினேழாம் விலக்கும் கு.க. சான்றிதழும்

இரண்டாவது பிரசவத்துக்கு நாள் குறித்தாயிற்று. முதல் குழந்தை சிசேரியன் என்பதால் இதுவும் சிசேரியன்தான். "வயித்தத் திறக்கிறப்பவே ஃபேமிலி பிளானிங்கும் பண்ணிடலாமா?" என்று டாக்டர் கேட்கிறார். வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம், சரி என்கிறார்கள். நான்காம் நாள் டிஸ்சார்ஜ். இன்சூரன்ஸ் மேசையில் நீட்டப்படும் தாளில் ஒரு வரி: டியூபெக்டமி, நாட் பேயபிள். அதாவது பெண்ணுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) அறுவைக்குப் பணம் கிடையாது. "ஏங்க, ஆபரேஷன் ஒண்ணுதானே பண்ணாங்க?" என்று மனைவி கேட்கிறார். கணவருக்குப் பதில் தெரியவில்லை. வரிசை பின்னால் நீள்கிறது. கார்டைத் தேய்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

பெங்களூரில் கம்பெனி பாலிசி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. பிரசவத்துக்குப் பணம் தரும் பாலிசி, அடுத்த பிரசவம் வேண்டாம் என்பதற்கும் தரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றம் இன்னும் அதிகம். அங்கே 2012 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் கருத்தடை முறைகளுக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது என்பது விதி. இங்கே நிலைமை நேர் எதிர்.

2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., மருத்துவ பாலிசிகளின் விலக்குகளை, அதாவது பாலிசி பணம் தராத செலவுகளின் பட்டியலை, ஒரே சீராக்கியது. எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்தாலும் குறிப்பிட்ட விலக்குக்கு ஒரே எண், ஒரே வாசகம். அதில் 17-ஆம் எண்ணைத் தேடுங்கள். 'எக்ஸ்க்ளூஷன் 17' என்று இருக்கும். தலைப்பு மலட்டுத்தன்மை பற்றியது. அதனால் "நமக்கில்லை இது" என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே முதல் வரியே எந்த வகைக் கருத்தடையும், கு.க. அறுவையும் சேராது என்கிறது. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு), வாடகைத்தாய், கு.க.வைத் திருப்பிச் செய்யும் அறுவை எல்லாம் அதற்குக் கீழே. குழந்தை வேண்டும் என்பவரையும் வேண்டாம் என்பவரையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

திடீரென்று வரும் செலவுக்குத்தான் காப்பீடு, முன்கூட்டி முடிவெடுத்துச் செய்வதற்கு இல்லை என்பது நிறுவனங்கள் சொல்லும் தர்க்கம். இதை நான் ஏற்கவில்லை. பிரசவமும் பத்து மாதம் முன்னால் தெரிகிற செலவுதான். அதற்கு வரம்பு வைத்துப் பணம் தர முடிகிறது என்றால், அதைவிடப் பல மடங்கு குறைவான செலவுள்ள காப்பர் டி-க்குத் தர முடியாது என்பதில் நியாயம் இல்லை. கம்பெனி நினைத்தால் குரூப் பாலிசியில் இந்த விலக்கைத் தளர்த்தி வாங்கலாம். சில ஐ.டி. நிறுவனங்கள் ஐ.வி.எஃப்.-க்கு ஒரு வரம்பு வரை தருவது அப்படித்தான். அதே பாலிசியில் கருத்தடை விடுபட்டுக் கிடக்கும், ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. பாலிசி புதுப்பிக்கும் காலத்துக்கு இரண்டு மாதம் முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: 17-ஆம் விலக்கில் கருத்தடை, கு.க. இரண்டையும் நீக்கி வாங்க முடியுமா, ஓ.பி. (வெளிநோயாளி) தொகையில் காப்பர் டி, ஊசி, மாத்திரை சேருமா என்று. வாய்வார்த்தையாகக் கேட்டால் "இருக்கும்னு நெனக்கிறேன்" என்ற பதில்தான் வரும்.

சிசேரியனோடு சேர்த்துச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது எஸ்டிமேட். சில மருத்துவமனைகளில் சிசேரியனும் கு.க.வும் சேர்ந்த ஒரே பேக்கேஜ் இருக்கும். அப்படியே ப்ரீ-ஆத் (முன் அனுமதிக் கோரிக்கை) அனுப்பினால், டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்மைப் பரிசீலிக்கும் நிறுவனம்) கேள்வி எழுப்பி மொத்தத்தையும் நிறுத்தி வைக்கலாம். அல்லது இஷ்டத்துக்கு ஒரு தொகையைக் கழிக்கலாம். அட்மிஷனுக்கு முன்பே இரண்டையும் தனித்தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். மயக்க மருந்து, தியேட்டர், படுக்கை எல்லாம் சிசேரியனுக்கு எப்படியும் ஆகிற செலவு, அவை கு.க. கணக்கில் ஏறக் கூடாது. கு.க. வரியில் இருக்க வேண்டியது கூடுதல் சர்ஜன் கட்டணமும் அதற்கென்று தனியாக ஆன பொருளும் மட்டுமே. மகப்பேறு வரம்பு பல குரூப் பாலிசிகளில் 50,000-லிருந்து 1,00,000 ரூபாய்க்குள் நின்றுவிடுவதால், பெங்களூர் தனியார் மருத்துவமனை பில் அதை எப்படியும் தாண்டிவிடும். கு.க.வுக்காகக் கழிக்கும் தொகையை மொத்த பில்லிலிருந்து கழிக்கிறார்களா, வரம்பிலிருந்து கழிக்கிறார்களா என்று கேளுங்கள். பில்லிலிருந்து கழித்த பிறகும் மீதி வரம்பைத் தாண்டுகிறது என்றால் உங்களுக்கு வர வேண்டியது முழு வரம்பு. அதிலிருந்து மறுபடி கழிப்பது தவறு.

பில்லைக் குறைப்பதற்காக அறுவைக் குறிப்பில் கு.க.வையே எழுத வேண்டாம் என்று கேட்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் இரண்டு வருடம் கழித்து மாதவிலக்கு தள்ளிப்போனால், கு.க. நடந்தது என்பதற்கே கையில் ஆதாரம் இருக்காது.

17-ஆம் விலக்கைக் காட்டி மறுக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. முதலாவது கருக்குழாயில் கரு தங்குவது. கு.க. செய்தபின்னும், காப்பர் டி இருக்கும்போதும் கர்ப்பம் தரிப்பது அபூர்வம். ஆனால் தரித்தால் அது கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து, அவசர அறுவைதான் வழி. மகப்பேற்றை விலக்கும் 18-ஆம் எண் விதியே இந்த நிலையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறது. ஆகவே மகப்பேறு கவர் இல்லாத சாதாரண பாலிசியிலும் இதற்குப் பணம் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய கு.க. பற்றிய வரியைப் பார்த்துவிட்டு 17-ஐக் காட்டி மறுத்தால், 18-ஆம் விதியின் அந்த வரியை மேற்கோள் காட்டி எழுதுங்கள்.

இரண்டாவது, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம். மிரீனா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது. இதைக் கருத்தடைக்கும் வைக்கிறார்கள், தாங்க முடியாத உதிரப்போக்குக்கு மருந்தாகவும் வைக்கிறார்கள். ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு, கர்ப்பப்பையை எடுக்காமல் தவிர்க்க வைத்த சாதனத்தையும் 'கருத்தடை' என்று கணினி தள்ளிவிடும். டாக்டரின் சீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நோயின் பெயர், எத்தனை மாதமாக உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் அளவு, ஸ்கேன் முடிவு, முன்பு கொடுத்துப் பார்த்த மருந்து எல்லாம் இருக்க வேண்டும். கருத்தடைக்காக வைத்ததை நோய் என்று எழுதச் சொல்வது மோசடி. நோய்க்காக வைத்ததை நோய் என்று முழுமையாக எழுதச் சொல்வது உங்கள் உரிமை. ஓ.பி.யில் வைத்துக்கொண்டு போனால் மருத்துவமனையில் தங்கும் நிபந்தனையே தடுக்கும். ஹிஸ்டரோஸ்கோபி (கருப்பைக்குள் கருவி விட்டுப் பார்ப்பது) போன்ற டே-கேர் சிகிச்சையோடு சேர்ந்து வைக்கும்போதுதான் கிளெய்முக்கு இடம் இருக்கிறது.

மூன்றாவது கருக்கலைப்பு. 'மகப்பேறு செலவு' என்பதற்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொடுத்திருக்கும் வரையறையிலேயே சட்டப்படியான கருக்கலைப்பும் அடங்கும். எனவே உங்கள் பாலிசியில் மகப்பேறு கவர் இருந்தால், அந்த வரம்புக்குள் இதுவும் வரும். மகப்பேறு கவர் இல்லையென்றால் இதற்கும் இல்லை. 2021-இல் திருத்தப்பட்ட சட்டம் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும் என்கிறது. கருத்தடை தோற்றதால் வந்த கர்ப்பம் என்ற காரணம் முன்பு திருமணமானவர்களுக்கு மட்டும் இருந்தது, இப்போது அந்தக் கட்டு இல்லை. பெயரையும் விவரத்தையும் வெளியிடக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. எச்.ஆர். வழியாகத் தாள் போகுமோ என்று தயங்குபவர்கள் டி.பி.ஏ.-வுக்கு நேரடியாக அனுப்ப வழி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மறுப்பு வந்தால் எந்த விதி எண்ணின்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன். பெங்களூர் அலுவலகம் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில் ஜீவன் சௌதா கட்டடத்தில். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இவ்வளவும் பாலிசிக்குள் இருக்கும் சின்னச் சின்னச் சந்துகள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கான உண்மையான பணம் பாலிசிக்கு வெளியே இருக்கிறது: அரசு மருத்துவமனையிலும், தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.-யிலும், விடுப்புச் சட்டத்திலும், கு.க. தோற்றால் தரும் இழப்பீட்டிலும். பாலிசியில் இல்லை என்றதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் தவறு.

அரசு மருத்துவமனை என்றால் முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒன்று. 1930-லேயே மைசூர் சமஸ்தானம் அரசுச் செலவில் கருத்தடை கிளினிக்குக்கு உத்தரவு போட்டது. உலகில் வேறெந்த அரசும் அதுவரை செய்யாதது. வாணி விலாஸ், சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரி, மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் என்று இந்த ஊருக்குப் பழைய அரசு மருத்துவமனைகள் உண்டு. அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்து அக்காக்களுக்கு அவை பழகிய வாசல்கள்.

அங்கே என்னென்ன இலவசம்? காப்பர் டி இரண்டு வகை, 380ஏ பத்து வருடத்துக்கு, 375 ஐந்து வருடத்துக்கு. எது வைத்தார்கள் என்று கார்டில் எழுதி வாங்க வேண்டும். எழுதாமல் விட்டு, ஐந்து வருடச் சாதனத்தைப் பத்து வருடம் என்று நினைத்துக்கொண்டிருப்பது நடக்கிறது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம். அதைத் தாண்டினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பிரசவத்தோடு வைத்ததுதான் நழுவி வெளியே வர அதிக வாய்ப்புள்ளது. ஆறாவது வாரம் காப்பர் டி-யின் நூல் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கப் போவதை அதனால்தான் தவறவிடக் கூடாது.

அந்தரா என்ற ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் போட்டுக்கொள்ளலாம், நான்கு வாரம் பின்னால் வரை போகலாம். மாதவிலக்கு முறை மாறும், சிலருக்கு நின்றேபோகும். இதை முதல் நாளே யாரும் சொல்லாததால் பயந்துபோய் இரண்டாவது ஊசிக்கு வராமல் போகிறவர்கள் ஏராளம். நிறுத்தியபின் கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம், அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. சாயா என்ற மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பால் கொடுக்கும் தாயும் எடுக்கலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. தவறு நடப்பது நான்காம் மாதத்தில்தான். இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது கிழமை குழம்பிவிடும். முதல் மாத்திரை சாப்பிட்ட கிழமையையே கடைசி வரை வைத்துக்கொள்வது நல்லது. தினசரி மாத்திரையான மாலா-என் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் முன் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

கு.க. அறுவைக்கு அரசு விதி: பெண்ணுக்கு 22 வயதுக்கு மேல், 49-க்குள், ஆணுக்கு 60-க்குள், குறைந்தது ஒரு குழந்தை, அதற்கு ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும். கணவரின் கையெழுத்து வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள், கேட்டதும் நாமும் போட்டுவிடுகிறோம். கணவர் வெளியூரில் இருப்பவரும், பிரிந்து வாழ்பவரும் இந்த ஒரு கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுவது அநியாயம். மறுத்தால் கண்காணிப்பாளரிடம் போய், தேசிய விதிமுறையில் அது இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

சுகப்பிரசவம் ஆன வீட்டில் ஆண் செய்துகொள்வதே எளிது என்பது என் உறுதியான கருத்து. தழும்பில்லா வாசெக்டமிக்கு மரத்துப்போகும் ஊசி போதும். கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மூன்று மாதம் வரை அது வேலை செய்யாது. குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணு தீரும் வரை நிரோத் (ஆணுறை) கட்டாயம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வந்தால்தான் சான்றிதழ். அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விடுவதுதான், "ஆபரேஷன் பண்ணியும் ஆயிடுச்சு" என்ற பேச்சுக்கும், பெண்ணின் மீது விழும் சந்தேகத்துக்கும் பெரும் காரணம்.

பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் ரோடு கார்மெண்ட்ஸில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. தனியார் பாலிசி தராததை இது தருகிறது: அறுவை இலவசம், அதோடு பெண்ணுக்கு 14 நாள், ஆணுக்கு 7 நாள் முழுச் சம்பளம். சிக்கல் வந்தால் நாள் நீளும். சாதாரண காய்ச்சலுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம்தான், இதற்கு முழுசாக. நிபந்தனை, அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கு உதவும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆனவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத் தேதி வைப்பது நல்லது. பணம் சந்தா கட்டுபவருக்கு மட்டும்தான். கணவர் பேரில் ஈ.எஸ்.ஐ. இருந்து மனைவி அறுவை செய்துகொண்டால் சிகிச்சை கிடைக்கும், சம்பளம் கிடைக்காது. ஊருக்குப் போய் வேறெங்கோ செய்துகொண்டு வந்தால் சான்றுக்கு அலைய வேண்டும். போகும் முன்பே டிஸ்பென்சரி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய பெண்களுக்கும் சட்டப்படி இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது, 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பல எச்.ஆர்.களுக்கு இது தெரியாது. அறுவைக்கு அடுத்த நாளிலிருந்து எண்ணுவதால், சிசேரியனோடு செய்தால் 26 வார விடுப்புக்குள்ளேயே கரைந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு, தனியாக ஒரு நாள் குறித்துச் செய்பவர்களுக்குத்தான் பலன்.

கடைசியாக, கு.க. தோற்றால். முதல் வருடத்தில் ஆயிரம் பெண்களில் ஐந்து பேர் அளவுக்கு இது நடக்கிறது. யார் தவறும் இல்லாமலே குழாய் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். தோற்றது என்பதை மட்டும் வைத்து டாக்டரின் அலட்சியம் என்று சொல்ல முடியாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், கோர்ட்டுக்குப் போவது எல்லோருக்கும் பலன் தராது. அதற்குப் பதில் அரசின் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2016-இல் தொகைகளை இரட்டிப்பாக்கினார்கள். அறுவை தோற்றால் 60,000 ரூபாய். சிக்கலுக்கான சிகிச்சைக்கு 50,000 வரை. மருத்துவமனையிலோ டிஸ்சார்ஜ் ஆகி ஏழு நாளுக்குள்ளோ இறந்தால் குடும்பத்துக்கு 4,00,000. எட்டிலிருந்து முப்பது நாளுக்குள் என்றால் 1,00,000. அரசு மருத்துவமனையிலும், அரசு அங்கீகரித்த தனியார் மருத்துவமனையிலும் செய்துகொண்டவர்களுக்கு மட்டுமே இது. தனியாரில் செய்வதானால், கு.க.வுக்கு மாவட்ட அங்கீகாரம் உண்டா என்று முன்பே கேட்பதற்கு இதுவே காரணம்.

மாதவிலக்கு தள்ளினால் இரண்டு வாரத்துக்குள் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது. இழப்பீட்டு மனு 90 நாளுக்குள். கேட்கும் தாள்கள்: ஒப்புதல் படிவ நகல், கு.க. சான்றிதழ், கர்ப்பத்துக்கான ஸ்கேன் அல்லது பரிசோதனை அறிக்கை. பலரிடம் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும், சான்றிதழ் இருக்காது. பெண்ணுக்கு அறுவை முடிந்து ஒரு மாதத்திலோ, முதல் மாதவிலக்கு வந்ததுமோ, எது முந்துகிறதோ அப்போதுதான் சான்றிதழ் தருவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதற்காக யார் திரும்பப் போகிறார்கள்? பிரசவத்துக்குத் தாய்வீடு என்று தர்மபுரிக்கோ திருப்பத்தூருக்கோ போய் அங்கேயே அறுவை செய்துகொண்டு பெங்களூர் திரும்பியவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடும் தேதியையும் சான்றிதழ் வாங்கும் தேதியையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, இரண்டையும் முடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் பெயரை ஆதாரில் இருப்பதுபோலவே எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அப்பாவின் இனிஷியலோடு 'வி. செல்வி', பெங்களூர் ஆதாரில் கணவர் பெயரோடு 'செல்வி முருகன்' என்றிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க அஃபிடவிட் வரை போக வேண்டிவரும். டிஸ்சார்ஜுக்கு முன் சொன்னால் ரிஜிஸ்டரில் அடித்து எழுதிக் கையெழுத்துப் போடப் பத்து நிமிடம். இரண்டு வருடம் கழித்துப் போனால் அந்த டாக்டர் மாற்றலாகிப் போயிருப்பார்.